மனித செல்லைப் படிக்க 150 வெள்ளி: எதில் போடுவது?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பசியாறி முடித்து, கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பின்வீட்டுத் தங்கச்சி வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்று கைப்பேசியை நீட்டினாள். "அக்கா, இதக் கொஞ்சம் பாருங்க. வாங்கலாமா?" திரையில் ஒரு பிளாஸ்டிக் நுண்ணோக்கி. 1200 மடங்கு பெரிதாக்கும் என்று சிவப்பு எழுத்தில் போட்டிருந்தது.

படிவம் 4 படிக்கும் அவள் மகன் உயிரியல் தேர்வில் செல் பாடத்தில் வழுக்கிவிட்டான். பையன் நுண்ணோக்கி கேட்கிறான். அப்பா டியூஷன் என்கிறார். யூடியூப் சும்மாவே கிடைக்கும்போது எதற்குச் செலவு என்பது அம்மாவின் யோசனை. மூன்று பேரும் ஒத்துக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: 150 வெள்ளிக்கு (மலேசிய ரிங்கிட்) மேல் முடியாது.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் சுங்கை சிப்புட் மாதிரி ஊரில் இந்தக் கேள்வி ஒரு வீட்டோடு நிற்பதில்லை. ரப்பர் தோட்டத்தை விட்டு வந்து தாமான் என்னும் குடியிருப்புகளில் குடியேறிய குடும்பங்கள் நாங்கள். பிள்ளையை மருத்துவம், தாதிமை, மருந்தகம் என்று ஏதாவது ஒன்றில் சேர்த்துவிட வேண்டும். அதற்கெல்லாம் வாசல் உயிரியல். உயிரியலுக்கு வாசல் செல். நான் இருபது வருடத்துக்கு மேல் ஒரு மருத்துவமனையின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நுண்ணோக்கிக்குள் குனிந்தே முதுகு வலியைச் சம்பாதித்தவள். அதனால் அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

"மொதல்ல அவன் பரீட்சைப் பேப்பரக் கொண்டா" என்றேன்.

கொண்டுவந்தாள். படத்தில் பெயர் குறிக்கும் கேள்வியில் பையன் ஒரு மதிப்பெண்ணைக்கூட விடவில்லை. உட்கரு, மைட்டோகாண்ட்ரியா, கோல்கி, எண்டோபிளாச வலை என எல்லாம் அதனதன் கோட்டில் இருந்தன. பக்கத்தைப் புரட்டினேன். இரத்தச் சிவப்பணுவைப் பற்றிக் கேட்ட இடத்தில் 'எல்லாச் செல்லிலும் உட்கரு உண்டு' என்று எழுதியிருந்தான். விந்தணுவில் மைட்டோகாண்ட்ரியா ஏன் அதிகம் என்ற கேள்விக்கு வெறும் தாள். தசைப் படங்களில் இதயத் தசையை எலும்புத் தசை என்று குறித்திருந்தான்.

இந்தப் பையனுக்கு மனப்பாடம் குறைவில்லை. அவன் மனப்பாடம் செய்த செல்தான் யார் உடம்பிலும் இல்லாத செல். பாடப்புத்தகத்தில் 'விலங்குச் செல்' என்று வட்டமாக ஒரு படம் இருக்கும். செல்லுக்குள் இருக்கும் ஒவ்வொரு உறுப்பிலும் ஒன்றிரண்டு போட்டு, கல்யாண வீட்டு இலையில் எல்லாக் கறியும் ஒரு கரண்டி வைத்த மாதிரி. பெயர் கற்றுக்கொள்ள அது நல்ல படம். ஆனால் உடம்பில் போய்த் தேடினால் அப்படி ஒன்று கிடையாது. ஒரு வளர்ந்த மனிதனின் உடலில் ஏறத்தாழ 30 லட்சம் கோடி செல்கள் இருப்பதாக 2016இல் வெளிவந்த ஒரு கணக்கு சொல்கிறது. அதில் சுமார் 25 லட்சம் கோடி சிவப்பணுக்கள். முதிர்ந்த சிவப்பணுவில் உட்கரு கிடையாது. ஆக, எண்ணிக்கையில் ஆறில் ஐந்து செல்லுக்கு உட்கரு இல்லாத உடம்பை வைத்துக்கொண்டு 'எல்லாச் செல்லிலும் உட்கரு உண்டு' என்று எழுதுகிறோம்.

எனவே எந்தப் பொருளை வாங்குவது என்பதற்கு முன்னால் ஒரு தேர்வு இருக்கிறது. செல்லுக்குள் இருக்கும் உறுப்புகளை முதலில் படித்துவிட்டுச் செல் வகைகளுக்குப் போவதா, வகைகளைப் பிடித்துக்கொண்டு அவற்றின் வழியே உறுப்புகளைப் படிப்பதா?

உறுப்பு முதலில், வகை முதலில்

உறுப்பை முதலில் படிப்பது பள்ளிக்கூடத்தின் வழி. அதில் நியாயம் உண்டு. பெயரே தெரியாத பிள்ளையிடம் "கணையச் செல்லில் சொரசொரப்பான எண்டோபிளாச வலை நிறைய இருக்கிறது" என்று சொன்னால் காற்றில் எழுதின மாதிரிதான். பத்துப் பன்னிரண்டு பெயர்கள் நாக்கில் பழகியாக வேண்டும். ஆனால் பல பிள்ளைகள் அந்தப் படத்திலேயே மாதக்கணக்கில் குடியிருந்துவிடுகிறார்கள். மைட்டோகாண்ட்ரியா என்றால் சக்தி தரும் இடம், ரைபோசோம் என்றால் புரதம், லைசோசோம் என்றால் செரிமானம் என்று ஒரு சொல்லுக்கு ஒரு சொல் ஜோடி போட்டு வைத்துக்கொள்வார்கள். ஏன் என்று கேட்டால் வாய் அடைத்துப்போகும்.

வகையிலிருந்து தொடங்கினால் 'ஏன்' தானாக வருகிறது. சிவப்பணுவையே எடுத்துக்கொள்ளுங்கள். குறுக்களவு 7 முதல் 8 மைக்ரோமீட்டர் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரோமீட்டர்). ஒரு மில்லிமீட்டர் கோட்டில் 130 சிவப்பணுக்களை வரிசையாக நிறுத்தலாம். எலும்பு மஜ்ஜையில் பிறக்கும்போது அதற்கும் உட்கரு இருந்தது. இரத்தத்துக்குள் இறங்கும் முன் அதை வெளியே தள்ளிவிடுகிறது. அந்த இடத்தையும் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் ஹீமோகுளோபின் என்ற புரதம் நிரப்பிக்கொள்கிறது. மைட்டோகாண்ட்ரியாவும் இல்லை. உடம்பு முழுக்க ஆக்சிஜனைச் சுமக்கிற செல், அதில் ஒரு துளியைக்கூடத் தன் சொந்தச் செலவுக்கு எடுப்பதில்லை. ஆக்சிஜன் இல்லாமலே குளுக்கோஸை உடைத்துக் காலம் தள்ளுகிறது. புது பாகம் செய்துகொள்ள வழியில்லாததால் சுமார் 120 நாளில் அதன் கதை முடிகிறது. ஒரு பாராவுக்குள் உட்கரு எதற்கு, மைட்டோகாண்ட்ரியா எதற்கு என்ற இரண்டு பாடமும் அடங்கிவிட்டது, அதுவும் அவை இல்லாத செல்லை வைத்தே.

விந்தணுவைப் பாருங்கள். தலையில் உட்கரு, பின்னால் வால், இரண்டுக்கும் இடையே நடுத் துண்டில் மைட்டோகாண்ட்ரியாக்கள் சுருள் சுருளாகச் சுற்றிக் கிடக்கும். நீந்த எரிபொருள் வேண்டும்; எஞ்சின் வாலுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். இதயத் தசை ஓய்வில்லாமல் அடிப்பது. அந்தச் செல்லின் கொள்ளளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மைட்டோகாண்ட்ரியாதான். கணையச் செல் செரிமான நொதிகளை நாள் முழுக்கத் தயாரித்து வெளியே அனுப்புவதால் அதில் புரதம் செய்யும் சொரசொரப்பான எண்டோபிளாச வலையும் அதைப் பொதிந்து அனுப்பும் கோல்கியும் மண்டிக் கிடக்கும். கல்லீரல் செல்லில் வழவழப்பான வலை அதிகம்; நாம் விழுங்கும் மருந்தையும் சாராயத்தையும் பக்குவம் செய்வது அங்கேதான். எலும்புத் தசையின் ஒரே நாரில் நூற்றுக்கணக்கான உட்கருக்கள் இருக்கும். பல சிறு செல்கள் ஒன்றாக இணைந்து உருவான நார் அது. மூச்சுக்குழாயின் உள்பூச்சில் இருக்கும் செல்களுக்குத் தலையில் மெல்லிய மயிர்கள். சளியை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். முதுகுத்தண்டின் அடியிலிருந்து கால்விரல் வரை ஓடும் நரம்புச் செல்லின் இழை ஒரு மீட்டர் நீளம்கூட வரும்.

இத்தனைக்கும் உட்கரு உள்ள இந்தச் செல்கள் எல்லாவற்றிலும் இருப்பது ஒரே டிஎன்ஏ. விந்தணுவும் கருமுட்டையும் மட்டும் அதில் பாதியைச் சுமக்கின்றன. தசைச் செல் ஒரு பக்கத்தைப் படிக்கிறது, நரம்புச் செல் வேறொரு பக்கத்தைப் படிக்கிறது, அவ்வளவுதான். மனித செல் வகைகள் ஏறத்தாழ 200 என்று பாடநூல்கள் வழக்கமாகச் சொல்லும். இப்போது ஒவ்வொரு செல்லாக எடுத்து எந்த மரபணு வேலை செய்கிறது என்று பார்க்கும் முறைகள் வந்தபிறகு அந்த எண் கூடிக்கொண்டே போகிறது. பயப்பட வேண்டாம், படிவம் 5 முடிவில் எஸ்பிஎம் தேர்வு எழுதும் மாணவனுக்குப் பத்து வகை தாராளம்.

என் தீர்ப்பு: பெயர் குறிக்கத் தெரியாத பிள்ளைக்கு ஒரு வாரம் படம். அதற்கு மேல் ஒரு நாள்கூட வேண்டாம். பெயர் தெரிந்த பிள்ளையை நேராக வகைக்கு இழுத்துவிடுங்கள். பின்வீட்டுப் பையன் இரண்டாவது ரகம்.

நுண்ணோக்கி வாங்கலாமா?

இதில் நான் கொஞ்சம் நீட்டித்தான் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1665இல் ராபர்ட் ஹூக் தக்கையைச் சீவி வைத்துப் பார்த்தபோது கண்டது செத்த செல்களின் சுவர்களைத்தான். மனித உடம்பின் செல்லை முதலில் ஒழுங்காகப் பார்த்து எழுதியவர்களில் ஒருவர் ஹாலந்தின் துணி வியாபாரி லேவன்ஹூக். ஒரே ஒரு சின்னக் கண்ணாடி வில்லையை வைத்து 1674இல் சிவப்பணுவை விவரித்தார், 1677இல் விந்தணுவைப் பார்த்தார். ஆக, நல்ல வில்லை ஒன்று போதும், வெளிச்சமும் பொறுமையும் இருந்தால்.

ஆனால் எதைப் பார்க்க முடியாது என்பதைப் பெற்றோரிடம் யாரும் சொல்வதில்லை. சாதாரண ஒளி நுண்ணோக்கிக்கு ஓர் எல்லை உண்டு. 0.2 மைக்ரோமீட்டருக்கும் நெருக்கமாக இருக்கும் இரண்டு புள்ளிகளை அது பிரித்துக் காட்டாது. விலை எவ்வளவு கொடுத்தாலும் அந்த எல்லை ஒளியின் அலைநீளத்தால் வந்தது, கடைக்காரரால் வந்ததல்ல. ரைபோசோமின் அளவு சுமார் 0.025 மைக்ரோமீட்டர், பேச்சுக்கே இடமில்லை. மைட்டோகாண்ட்ரியாவின் தடிமன் அரை முதல் ஒரு மைக்ரோமீட்டர். பள்ளி நுண்ணோக்கியில், தனிச் சாயம் இல்லாமல், அதையும் கண்ணால் பிடிக்க முடியாது. எண்டோபிளாச வலை தெரியவே தெரியாது. கோல்கியைக் கேட்டால் அது தனிக்கதை. கமிலோ கோல்கி 1898இல் வெள்ளி உப்புச் சாயம் ஏற்றி நரம்புச் செல்லுக்குள் ஒரு வலைப்பின்னலைக் காட்டினார். அது உண்மையான உறுப்பா, சாயம் படிந்த கறையா என்று விஞ்ஞானிகள் அரை நூற்றாண்டுக்கு மேல் சண்டை போட்டார்கள். 1950களில் எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்துதான் பஞ்சாயத்துத் தீர்ந்தது. அதே காலத்தில்தான் பலேட் ரைபோசோமையும் டி டூவ் லைசோசோமையும் அடையாளம் காட்டினார்கள். கிளாட் என்பவரோடு சேர்த்து 1974இல் நோபல் பரிசு. விஞ்ஞானிகளே அவ்வளவு பாடுபட்டுப் பார்த்ததைச் சாப்பாட்டு மேசையில் பார்த்துவிடலாம் என்று பிள்ளை நினைத்துக்கொண்டால், பெட்டியைப் பிரித்த மறுநாள் நுண்ணோக்கி அலமாரிக்குத்தான் போகும்.

அந்த 1200 மடங்கு விஷயமும் அப்படித்தான். பெரிதாக்குவது வேறு, தெளிவாக்குவது வேறு. நனைந்துபோன புகைப்படத்தைப் பெரிசாகப் பிரிண்ட் எடுத்தால் பெரிய மங்கல் கிடைக்கும், அவ்வளவுதான். பள்ளி ஆய்வகத்தில் இருக்கும் 400 மடங்கு நுண்ணோக்கி, கண்ணாடி வில்லையும் திருகும் ஒழுங்காக இருந்தால், அந்தப் பிளாஸ்டிக்கைவிட எத்தனையோ மேல்.

அப்படியானால் நுண்ணோக்கியே வீணா? இல்லை. வகைகளைப் பார்க்க அதற்கு ஈடில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இரத்தப் பூச்சை லெய்ஷ்மன் சாயம் போட்டுப் பார்த்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. இளஞ்சிவப்பு வட்டங்கள், நடுவில் வெளிறிய பொட்டு. நாலைந்து தரம் இடம் நகர்த்தினால் எங்காவது ஒரு வெள்ளணு, ஊதா நிற உட்கருவோடு. அறுநூறு, எழுநூறு சிவப்பணுவுக்கு ஒரு வெள்ளணு என்பதுதான் கணக்கு. வெள்ளணுவில் நியூட்ரோஃபில் என்ற வகை என்றால் உட்கரு மூன்று நான்கு துண்டுகளாக, பாசிமணி கோத்த மாதிரி. லிம்ஃபோசைட் என்றால் ஒரே உருண்டை, செல்லையே அடைத்துக்கொண்டு. இடையில் தூசி போல் இரத்தத் தட்டுகள். அவை முழுச் செல்லே அல்ல, மஜ்ஜையில் இருக்கும் ஒரு பெரிய செல்லின் உதிர்ந்த துணுக்குகள். டிங்கிக் காய்ச்சல் ஊரில் பரவும்போது அந்தத் தூசி குறைந்துகொண்டே போவதைப் பார்த்துப் பார்த்து எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய் உள்ளவர்களின் சிவப்பணு சிறுத்து, நிறம் வெளுத்து இருக்கும். படிவம் 4 பிள்ளைகளுக்குப் பள்ளியில் தலசீமியாவுக்காக இரத்தம் எடுக்கிறார்களே, பின்வீட்டுப் பையனுக்கும் எடுத்திருக்கிறார்கள். எதற்கு எடுத்தார்கள் என்று கேட்டேன். "தெரியல பெரியம்மா, ஊசி போட்டாங்க" என்றான். செல் பாடம் அவன் கைக்குள்ளேயே வந்து போயிருக்கிறது!

ஒரு கண்டிப்பு: வீட்டில் விரலைக் குத்தி இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டாம். ஒரே ஊசியை இரண்டு பிள்ளைகள் பகிர்ந்துகொண்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. இரத்தம், தசை, நரம்பு போன்றவை தயார்நிலைக் கண்ணாடித் தகடுகளாக விற்கின்றன. பல பள்ளி ஆய்வகங்களில் பெட்டியோடு இருக்கும், கேட்டால்தான் எடுப்பார்கள். எஸ்பிஎம் உயிரியலில் செய்முறைத் தேர்வும் இருப்பதால், பையன் நுண்ணோக்கியைத் தொட்டுப் பழக ஆசிரியரிடம் நேரம் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வீட்டில் பார்க்க ஏற்றது கன்னத்தின் உள்பக்கச் செல். வாயைக் கொப்பளித்து, சுத்தமான பஞ்சுக்குச்சியால் மெல்ல உரசி, தகட்டில் தடவி, மெத்திலீன் நீலம் என்ற சாயம் ஒரு சொட்டு. அந்த நீலம் மீன் தொட்டிக் கடையில் மீன் மருந்தாகவே கிடைக்கும். தண்ணீர் கலந்து நீர்க்க வைத்துக்கொள்ளுங்கள், சட்டையில் பட்டால் போகாது. தட்டையான, ஓரம் கோணிய செல்கள், நடுவில் கருநீலப் புள்ளியாக உட்கரு. ஒவ்வொன்றும் 50, 60 மைக்ரோமீட்டர் அகலம், சிவப்பணுவைப் போல ஏழெட்டு மடங்கு. இதைப் பார்க்க 1200 மடங்கு எதற்கு? ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷ் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஃபோல்ட்ஸ்கோப் என்ற மடக்குத்தாள் நுண்ணோக்கி சுமார் 140 மடங்குதான் பெரிதாக்கும். கன்னச் செல்லுக்கு அது போதும். கைப்பேசியில் மாட்டும் வில்லைகளில் மலிவானவை எறும்பின் காலைக் காட்டும், செல்லுக்குக் கொஞ்சம் திணறும்.

டியூஷன், காணொளி

டியூஷனைப் பற்றி நான் நடுநிலையாக இல்லை, முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். என் அக்கா மகளை ஒரு நிலையத்தில் சேர்த்தோம். கடை மாடியில், ஒரே அறைக்குள் நாற்பது பேர். ஆசிரியர் கெட்டிக்காரர்தான், ஆனால் பாடம் நடத்தவில்லை, விடை நடத்தினார். 'இந்தக் கேள்வி வந்தால் இந்த வரியை எழுது.' கேள்வி கொஞ்சம் திரும்பி வந்தது, பிள்ளை திருதிருவென்று விழித்தது. பத்துப் பேருக்குள் வைத்துக் கேள்வி கேட்க விடும் டியூஷன் கிடைத்தால் பணத்தைத் தாராளமாகப் போடலாம். ஆனால் 150 வெள்ளி அங்கே ஓரிரு மாதம்தான் தாங்கும். மோட்டாருக்குப் பெட்ரோல் தனி.

காணொளிக்குச் செலவில்லை. அசைவுகளை அதைப்போல் எதுவும் காட்டாது. மூச்சுக்குழாய் மயிர்கள் அலையாடுவதையும், வெள்ளணு ஒரு பாக்டீரியாவைத் துரத்தி விழுங்குவதையும் புத்தகத்தில் பார்க்க வழியில்லை. ஒரே ஒரு தொல்லை, நிறம். எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்கள் கறுப்பு வெள்ளைதான். மைட்டோகாண்ட்ரியா ஆரஞ்சு, கோல்கி இளஞ்சிவப்பு என்பதெல்லாம் வரைந்தவரின் கைவண்ணம். நிறத்தை வைத்தே அடையாளம் பழகிய பிள்ளை, தேர்வில் வரும் கறுப்பு வெள்ளைப் படத்தில் தொலைந்துபோகும். பத்து நிமிடம் பார், நிறுத்து, பார்த்ததைப் பென்சிலால் வரை. நிறுத்தாமல் பார்க்கிற பிள்ளைக்குக் காணொளி தாலாட்டு.

தோட்டத்துக் கதை

எங்கள் ஊரில் பழைய ஆசிரியர்கள் செல்லைத் தோட்டமாகச் சொல்லிக்கொடுப்பார்கள். உட்கரு என்பது ஆபீஸ், உள்ளே கிராணி என்ற கணக்கர். மைட்டோகாண்ட்ரியா எஞ்சின் அறை. ரைபோசோம் வேலையாள். கோல்கி என்பது பால் ஸ்டோர், அங்கிருந்து லாரி ஏறும். செல் சவ்வு என்பது கேட், வாட்ச்மேனோடு. பெராட்டுக்கு (தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம்) போய்வந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இது சட்டென்று பிடிக்கும். நானும் அப்படித்தான் கற்றேன். பெயரும் வேலையும் ஒட்டிக்கொள்ள அதைவிட நல்ல பசை கிடையாது.

ஆனால் ஒரு தோட்டத்தை எல்லாத் தோட்டத்துக்கும் மாதிரியாக வைக்கிறபோது வகை காணாமல் போகிறது. உட்கரு துரையும் அல்ல, கிராணியும் அல்ல. அது வரைபடம் வைத்திருக்கும் பெட்டி. வேண்டிய பக்கம் ஆர்என்ஏ என்ற நகலாக வெளியே போகிறது. எந்தப் பக்கம் நகல் எடுக்கப்பட வேண்டும் என்பதை வெளியிலிருந்து வரும் சேதிகளும் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன. ஆபீஸே இல்லாத தோட்டம் 120 நாள் ஓடும் என்று சிவப்பணுவைச் சொன்னால் எந்தக் கிராணி நம்புவார்?

தோட்டத்திலிருந்து எடுக்க வேண்டிய பாடம் வேறொன்று இருக்கிறது. என் அம்மா முப்பது வருடம் பால்மரம் வெட்டினார், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுத்தார். மங்குக் கிண்ணத்தில் சொட்டும் அந்தப் பால் மரத்தில் ஓடும் தண்ணீரல்ல. பட்டைக்குள் செல்கள் ஒன்றோடொன்று திறந்து இணைந்து குழாய்களாக ஓடுகின்றன. பால் என்பது அந்தச் செல்களுக்குள் இருக்கும் சைட்டோபிளாசமேதான், ரப்பர் துகள்களோடு. உளி பட்டதும் அது வழிகிறது; உட்கருவும் மைட்டோகாண்ட்ரியாவும் பெரும்பாலும் குழாயின் சுவரோடு ஒட்டித் தங்கிவிடுகின்றன. அதனால்தான் இரண்டொரு நாளில் பால் மறுபடி ஊறுகிறது. உட்கருவைப் பிடித்துவைத்திருக்கும் செல் இழந்ததைத் திரும்பச் செய்துகொள்ளும், உட்கருவை எறிந்துவிட்ட சிவப்பணுவால் முடியாது. கோலகங்சாரில் மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் 1877இல் நட்ட அந்த முதல் தலைமுறை ரப்பர் மரத்தைக் காட்டி இதைச் சொன்னேன் ஒரு முறை. பிள்ளைகள் மரத்தை மறந்தாலும் இதை மறக்கவில்லை.

களிமண், அகார் அகார், மாவு என்று உருவம் செய்வதும் ஓர் வழிதான். எல்லோரும் அந்தப் பொதுப் படத்தையே செய்து பள்ளிக் கண்காட்சியில் வைக்கிறார்கள் என்பதே என் குறை. செய்வதென்றால் சிவப்பணுவைச் செய்யச் சொல்லுங்கள். பூரி மாவு உருண்டையை இரண்டு பக்கமும் கட்டைவிரலால் அமுக்கினால் முடிந்தது. வடை மாதிரி ஓட்டை போட்டுவிடக் கூடாது.

மூன்று பெயர்ச் சிக்கல்

தமிழ்ப்பள்ளியில் 'உயிரணு' என்று கேட்ட பிள்ளை, இடைநிலைப்பள்ளியில் மலாயில் 'செல்' என்று படிக்கிறது. 'அணு' என்பது வேதியியலில் வரும் 'atom' என்பதற்கும் பெயராக வருவதால் சில பிள்ளைகள் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதும் உண்டு. கோல்கி 'ஜாசாட் கோல்கி' ஆகிறது. எண்டோபிளாச வலை 'ஜாலினான் எண்டோபிளாஸ்மா' ஆகிறது. காசார் என்றால் சொரசொரப்பு, லிச்சின் என்றால் வழவழப்பு. காரணத்தைத் தமிழில் பேசுங்கள், பெயரை மலாயில் எழுதிப் பழகட்டும். ஆங்கிலம் பிறகு தானாக வரும், பாதிப் பெயர்கள் ஒன்றேதான்.

150 வெள்ளி

கடைசியில் அவளுக்குச் சொன்ன கணக்கு இது. பிளாஸ்டிக் நுண்ணோக்கி வேண்டாம். மனிதத் திசுக்கள் உள்ள தயார்நிலைத் தகடுகள் ஒரு சின்னப் பெட்டி வாங்கு. பையன் அதைப் பள்ளி ஆய்வகத்துக்குக் கொண்டுபோய்ப் பார்க்கட்டும், ஆசிரியருக்கும் சந்தோஷமாக இருக்கும். கோடு போடாத தடித்த நோட்டு ஒன்று, நல்ல பென்சில்கள். மெத்திலீன் நீலம் ஒரு சிறு குப்பி. மீதியை எடுத்து வை. ஆண்டின் பிற்பாதியில் செல் பிரிவு பாடத்தில் மறுபடி தடுமாறினால், அப்போது சின்ன டியூஷன் வகுப்பு ஒன்றைத் தேடலாம். பெயர்களே பிடிபடாத பிள்ளையாக இருந்திருந்தால் இதையே தலைகீழாக, டியூஷனை முதலில் வைத்துச் சொல்லியிருப்பேன்.

நோட்டில் ஒரு பக்கத்துக்கு ஒரு செல். பார்த்து வரைய வேண்டும், பிறகு மூடிவைத்து வரைய வேண்டும். படத்துக்குக் கீழே மூன்று கேள்வி: இந்தச் செல்லில் எது கூடுதல், எது குறைவு, உருவம் ஏன் இப்படி? சிவப்பணு, நியூட்ரோஃபில், விந்தணு, கன்னச் செல், மூச்சுக்குழாய்ச் செல், மூன்று தசைகள், நரம்பு, கணையம். பத்துப் பக்கம். தசைகளில் மட்டும் தடுமாறுவான் என்று தெரியும். எலும்புத் தசைக்கு வரியும் உண்டு, ஓரத்தில் பல உட்கருக்களும் உண்டு. இதயத் தசைக்கு வரி உண்டு, கிளையும் உண்டு, செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே குறுக்குக் கோடும் உண்டு. குடல் சுவரின் தசைக்கு வரியே இல்லை, இரு முனையும் கூர்த்து, நடுவில் ஒரே உட்கரு.

போன வாரம் பையன் நோட்டைக் கொண்டுவந்தான். ஏழு பக்கம் முடித்திருக்கிறான். நரம்புச் செல்லின் வால் பக்கத்தில் அடங்காமல் அடுத்த பக்கத்துக்கும் ஓடியிருந்தது. அளவு தப்பு என்றாலும் எனக்குப் பிடித்திருந்தது. சிவப்பணுப் பக்கத்தில் 'எது குறைவு' என்பதற்கு உட்கரு, மைட்டோகாண்ட்ரியா, ரைபோசோம் என்று வரிசையாக எழுதிவிட்டு, கீழே பென்சிலால் சின்னதாக ஒரு கேள்வி போட்டிருந்தான்: 'அப்ப இது உயிரோட இருக்கா, இல்லையா?'

குளுக்கோஸை உடைக்கிறது, சவ்வு வழியே எது வரலாம் எது போகலாம் என்று பார்த்துக்கொள்கிறது, ஆனால் இன்னொன்றைப் பெற்றெடுக்காது, தன்னைப் பழுதுபார்த்துக்கொள்ளாது என்று சொன்னேன். ஆமாவா இல்லையா என்று நான் சொல்லவில்லை, ஆசிரியரிடம் கேட்டு வா என்று அனுப்பிவிட்டேன். அவன் அம்மாவின் கைப்பேசியில் அந்த நுண்ணோக்கி இன்னும் கூடைக்குள்தான் கிடக்கிறது. விலை பத்து வெள்ளி இறங்கியிருக்கிறது என்று நேற்றுக்கூட வேலியோரம் வந்து காட்டினாள்.